பென்லெர்கேர் கனவானும் அவர் கமெராவும்



அண்மையில் ஒரு நாள், உயர்தர வகுப்பு மாணவர்களுக்குப் பாடம் முடிந்த பின்னர் எஞ்சியிருந்த சில நிமிடங்களில், பழைய புகைப்படம் ஒன்றின் பிரதியை அவர்களுக்குக் காட்டினேன். மரங்கள் அடர்ந்த ஒரு நீர்க்கரை. கரையோரத்தில் நாரை ஒன்று மீனை எதிர்நோக்கி அசையாமல் நிற்கின்றது. 1856ஆம் ஆண்டில் வேல்ஸ் நாட்டிலே எடுக்கப்பட்ட படம் அது. "மீன்பிடிப்பவன்" என்று பொருள்படும் லத்தீன் சொல்லொன்றை அதற்குத் தலைப்பாக இட்டிருந்தார் படம் எடுத்தவர்.

"சேர், அந்தக் காலத்துக் கமெராவுக்கு முன்னால் கனநேரம் அசையாமல் நிற்கவேண்டும் என்று சொன்னீர்களே. நாரை எப்படிப் பறக்காமல் நின்றது?" என்று ஒரு மாணவன் கேட்டான். நல்ல கேள்வி. அது உயிருள்ள நாரை அன்று. இறந்த பறவையைப் பதப்படுத்திப் பாடம்செய்து, கரையிலே கொண்டுவந்து நிறுத்திய உருவம் என்று சொன்னேன். வகுப்பு சிரித்தது.

சிரிப்பு அடங்கியதும் பின்வரிசையில் இருந்த ஒருவன் எழுந்தான். "அப்படியென்றால் சேர், அந்தக் குளத்தை வெட்டினவர்கள் ஆர்?" என்றான்.

மணி அடித்துவிட்டது. அவனுக்கு நான் அன்று விடை கூறவில்லை. கூறாமல் விட்ட அந்த விடையைத் தேடிய வழியிலே நான் கண்டவற்றைத்தான் இன்று உங்களோடு பகிர்ந்துகொள்ள விழைகின்றேன்.

படத்தை எடுத்தவர் பெயர் ஜோன் டில்வின் லெவெலின். 1810ஆம் ஆண்டு தென்வேல்ஸின் ஸ்வொன்சீ நகரிலே பிறந்தவர். தந்தையார் லூயிஸ் வெஸ்டன் டில்வின், அந்நகரின் புகழ்பெற்ற மட்பாண்டத் தொழிற்சாலையின் உரிமையாளர். தாவரங்களையும் சிப்பிகளையும் ஆராய்ந்த அறிஞர். பாராளுமன்ற உறுப்பினராகவும் இருந்தவர். தாய்வழிப் பாட்டனாரின் பென்லெர்கேர் என்னும் பெரும் பண்ணைநிலம் பேரனுக்கு வந்து சேர்ந்தது. அந்த முதுசத்தை ஏற்றபோது பாட்டனாரின் குடும்பப் பெயராகிய லெவெலின் என்பதையும் தம் பெயரோடு சேர்த்துக்கொண்டார். ஆக, பிழைப்புக்காகப் படம் பிடித்தவர் அல்லர் அவர். பணத்தேவை இல்லாத, அறிவு வேட்கை மிக்க ஒரு கனவான். ஆர்வத்துக்காகக் கமெராவைத் தொட்டவர்.

அவர் கையில் கமெரா வந்து சேர்ந்ததற்கு ஓர் உறவுமுறைக் காரணமும் உண்டு. 1833இல் அவர் மணம்புரிந்த எம்மா, காகிதத்திலே படம் பதிக்கும் முறையைக் கண்டறிந்த ஹென்றி பொக்ஸ் டால்பொட்டின் உறவுமுறைச் சகோதரி. 1839ஆம் ஆண்டின் தொடக்கத்தில், ஒளியைக் கொண்டு உருவத்தை நிலைநிறுத்தலாம் என்ற செய்தி உலகைச் சென்றடைந்தபோது, பென்லெர்கேர் மாளிகைக்கு அது குடும்பச் செய்தியாகவே வந்து சேர்ந்தது. கணவர் படம் எடுக்க, மனைவி அவற்றைக் காகிதத்தில் அச்சிட்டு உதவினார் என்பது பலரும் பேசாத செய்தி. அந்த வட்டாரத்தில் இவர்கள் மட்டும் அல்லர். ஸ்வொன்சீயைச் சேர்ந்த கல்வெர்ட் ஜோன்ஸ் என்னும் மதகுரு 1841 மார்ச் 9ஆந் திகதி மார்கம் மாளிகையை எடுத்த படமே, திகதி தெரிந்த வேல்ஸ் நாட்டுப் படங்களுள் மிகப் பழையது எனப்படுகின்றது.

அன்றைய படப்பிடிப்பு எத்துணை கடினமானது என்பதை இன்று நாம் எண்ணிப்பார்ப்பதும் அரிது. 1851இல் பிரெட்ரிக் ஸ்கொட் ஆர்ச்சர் அறிமுகப்படுத்திய முறையில், கண்ணாடித் தகட்டின்மேல் கொலோடியன் என்னும் பசைத் திரவத்தைப் பூசி, வெள்ளி உப்புக் கரைசலில் தோய்த்து, அந்த ஈரம் காயுமுன்னரே படத்தையும் எடுத்து, மருந்திலிட்டு உருவத்தையும் வெளிப்படுத்திவிட வேண்டும். காய்ந்தால் தகடு பயனற்றுப்போகும். ஆகவே மலைக்கும் கடற்கரைக்கும் செல்பவர் இருட்டுக் கூடாரத்தையும் மருந்துப் போத்தல்களையும் சுமந்து செல்ல வேண்டும். லெவெலின் 1856இல் இதற்கு ஒரு பரிகாரம் கண்டார். தேனும் வினாகிரியும் கலந்த கரைசலைத் தகட்டின்மேல் ஊற்றினால் அது பல நாட்கள் பதம் கெடாமல் இருக்கும் என்று காட்டினார். வீட்டிலேயே தகடுகளை ஆயத்தம் செய்து எடுத்துச் சென்று, படம் எடுத்துத் திரும்பி, ஆறுதலாக உருவத்தை வெளிப்படுத்தலாம். சமையலறைப் பண்டம் இரண்டினால் கூடாரத்தை வீட்டிலே விட்டுச் செல்ல வழி செய்தார் அவர்.

கஸ்வெல் குடாவிலே கரையில் மோதும் அலையையும், நீராவிக் கப்பலின் புகையையும் அசையும் நிலையிலேயே பிடித்துவிட முயன்ற அவருடைய படங்களுக்கு 1855ஆம் ஆண்டின் பாரிஸ் கண்காட்சியிலே வெள்ளிப் பதக்கம் கிடைத்தது. 1853இல் லண்டனிலே புகைப்படச் சங்கம் தோன்றியபோது அதன் முதலாவது ஆட்சிக் குழுவிலும் அவர் இடம்பெற்றார்.

இனி, ஊர் வாழ்வில் இவருடைய பங்கு என்ன என்பதைப் பார்ப்போம்.

ஸ்வொன்சீ அக்காலத்தில் செப்பு உருக்கும் தொழிலால் உலகப் புகழ் பெற்றிருந்த நகரம். கப்பல்களிலே வந்திறங்கும் தாதுவை அங்குள்ள நிலக்கரி உருக்கியது. புகை மண்டிய அந்நகரிலே அறிவுக்கு ஓர் இல்லம் வேண்டுமென்று 1835இல் தோன்றிய சங்கமே பின்னர் தென்வேல்ஸ் றோயல் நிறுவகம் எனப் பெயர் பெற்றது. அதன் முதல் தலைவர் லெவெலினின் தந்தையார். மகனும் அதன் பணிகளில் முன்னின்றார். 1844இல் சார்ள்ஸ் வீட்ஸ்டன் என்னும் விஞ்ஞானி, கடலடிக் கம்பி வழியாகத் தந்திச் செய்தி அனுப்பும் சோதனையை ஸ்வொன்சீக் குடாவிலே நடத்தியபோது அவருக்குத் துணை நின்றவர் லெவெலின். 1848இல் பிரித்தானிய விஞ்ஞான மேம்பாட்டுச் சங்கத்தின் ஆண்டுக் கூட்டம் ஸ்வொன்சீயிலே நடைபெற்ற வேளையில், வந்த விருந்தினருக்குத் தம் பண்ணையின் ஏரியிலே மின்விசையால் ஓடும் படகொன்றை அவர் காட்டினார். 1838இல் பென்லெர்கேரிலே தேவாலயம் ஒன்று கட்டுவித்தார். மாளிகையருகே வானாய்வுக்கூடம் ஒன்றை அமைத்து, மூத்த மகள் தெரேசாவின் துணையோடு சந்திரனையும் படம் பிடித்தார்.

ஏரி என்று சொன்னேன் அல்லவா? இங்கேதான் என் மாணவனின் கேள்வி குறுக்கிடுகின்றது. பென்லெர்கேர்ப் பள்ளத்தாக்கின் ஏரிகள் இயற்கையாய் அமைந்தவை அல்ல. லான் என்னும் சிற்றாற்றை மறித்து அணை கட்டி, நீர்வீழ்ச்சியும் அமைத்து, மரங்களை நட்டு, ஓவியம்போலத் தோன்றுமாறு ஆக்கப்பட்ட நிலம் அது. தென்னமெரிக்கக் காட்டாறொன்றின் வருணனையைப் படித்து மனங்கவரப்பட்ட அவர், சூடான நீர் பாறைகளின்மேல் வழிந்து விழுகின்ற ஒரு கண்ணாடி வீட்டைக் கட்டி அதிலே ஓர்க்கிட் வளர்த்தார். கனவு கண்டவர் அவர். மண்வெட்டி பிடித்தவர்களும் கல் சுமந்தவர்களும் வேறு பலர். இலக்கணத்திலே தோன்றா எழுவாய் என்று ஒன்று கற்பிக்கின்றோம். வினை நிகழ்ந்திருக்கும், செய்தவர் பெயர் வாக்கியத்தில் இராது. அந்த நாரைப் படத்தின் தோன்றா எழுவாய் அம்மக்களே.

அம்மக்கள் யார்? பெரும்பாலும் வெல்ஷ் மொழி பேசியோர். ஆங்கிலத் திருச்சபையைச் சாராமல் தங்கள் சிற்றாலயங்களில் வழிபட்டோர். சிறு பண்ணைகளைக் குத்தகைக்கு எடுத்துப் பயிரிட்டோர். நிலவுடைமையாளரோ ஆங்கிலம் பேசினர், திருச்சபையைச் சார்ந்தனர், நீதவான்களாகவும் அமர்ந்தனர். 1836ஆம் ஆண்டுச் சட்டத்தின் பின், முன்னர் தானியமாகவும் கொடுக்கக்கூடியதாயிருந்த திருச்சபை வரியைப் பணமாகக் கட்ட வேண்டியதாயிற்று. 1834இன் வறியோர் சட்டம், வேலையற்ற ஏழைகளைக் கடுமையான வேலையில்லங்களுக்குள் தள்ளியது. இவற்றோடு தெருவுக்குத் தெரு சுங்கக் கதவுகள்! வயலுக்குச் சுண்ணாம்பு ஏற்றிவரும் வண்டிக்காரன், சுண்ணாம்பின் விலையைவிடக் கூடுதலாகக் கதவுகளில் கொட்டவேண்டிய நிலையும் வந்தது. விளைச்சலும் பொய்த்த ஆண்டுகள் அவை.

பொறுத்துப் பொறுத்துப் பார்த்த மக்கள் இரவிலே எழுந்தனர். ஆண்கள் பெண்ணுடை தரித்து, முகத்திற் கரிபூசி, குதிரையேறி வந்து கதவுகளை உடைத்தனர். தலைவனை "ரெபெக்கா" என்று அழைத்தனர். அவனைப் பின்தொடர்ந்தோர் அவள் புதல்வியர். பகைவரின் வாயிலை ரெபெக்காவின் சந்ததி கைக்கொள்ளும் என்ற விவிலிய வாழ்த்திலிருந்து வந்த பெயர் அது. 1839 மே மாதம் எவைல்வென் என்னுமிடத்தில் தொடங்கிய இக்கிளர்ச்சி, 1843இல் தென்மேற்கு வேல்ஸ் எங்கும் பரவியது.

1843 செப்டெம்பர் 6ஆந் திகதி இரவு, பென்லெர்கேருக்கு அண்மையிலுள்ள பொன்டர்டுலைஸ் சுங்கக் கதவு தாக்கப்படப் போகிறது என்ற தகவல் முன்கூட்டியே அதிகாரிகளுக்குக் கிட்டியது. மாவட்டத் தலைமைப் பொலிஸ் அதிகாரி கப்டன் நேப்பியர் சிறு பொலிஸ் படையோடு பதுங்கியிருந்தார். அவரோடு உள்ளூர் நீதவான்களும் இருந்தனர். அவர்களுள் இருவர் சகோதரர்: ஒருவர் லூயிஸ் லெவெலின் டில்வின், மற்றவர் நமது படப்பிடிப்பாளர் ஜோன் டில்வின் லெவெலின். கதவு உடைபடத் தொடங்கியதும் துப்பாக்கிகள் முழங்கின. ரெபெக்காவாக வேடமிட்டு வந்த ஜோன் ஹியூஸ் என்னும் இளைஞன், விவசாயி ஒருவரின் மகன், கையிலே குண்டுபட்டுப் பிடிபட்டான். வேறு இருவரும் சிக்கினர். அவ்வாண்டே கார்டிவ் நகரில் நடந்த விசேட நீதிமன்ற விசாரணையில் ஹியூஸுக்கு இருபது ஆண்டு நாடுகடத்தல்; மற்ற இருவருக்கும் ஏழேழு ஆண்டுகள். இன்று தஸ்மானியா எனப்படும் தொலைதூரத் தீவுக்கு அவன் கப்பலேற்றப்பட்டான்.

ஒரு பக்கத்தை மட்டும் சொல்லிச் செல்வது வரலாற்றுக்கு நேர்மையாகாது. பொன்டர்டுலைஸ் சம்பவம் நிகழ்ந்து மூன்று நாள் கழித்து, அருகிலுள்ள ஹென்டி சுங்கக் கதவின் காவலாளியான சாரா வில்லியம்ஸ் என்னும் முதியவள், கிளர்ச்சிக்காரர் வந்த இரவிலே சுடப்பட்டு இறந்தாள். மரண விசாரணையில் அமர்ந்த ஊர் ஜூரர்கள் அதைக் கொலை என்று சொல்லவும் வாய் திறக்கவில்லை. அச்சமோ, இனப்பாசமோ, இரண்டுமோ! நியாயமான கோபமும் ஒரு கிழவியின் உயிரைக் குடிக்க வல்லது என்பதை ஹென்டி நமக்கு உணர்த்துகின்றது. ஆயினும் கோபம் நியாயமானதே என்பதை அரசும் ஒப்புக்கொண்டது. விசாரணைக் குழு ஒன்று அமைந்தது. 1844ஆம் ஆண்டுச் சட்டம் சுங்கக் கதவு நிறுவனங்களை ஒன்றாக்கிக் கட்டணச் சுமையைக் குறைத்தது. இருபது ஆண்டுத் தண்டனை பெற்றவன் கேட்டதில் ஒரு பகுதியை, அடுத்த ஆண்டே சட்டம் கொடுத்துவிட்டது.

நேயர்களே, இப்போது நாரைப் படத்தை மீண்டும் நினைத்துப் பாருங்கள். பதின்மூன்று ஆண்டுகளுக்கு முன் துப்பாக்கி முழங்கிய இரவில் நின்ற அதே மனிதர், அமைதி ததும்பும் நீர்க்கரையில் கமெராவை நாட்டுகின்றார். படத்திலே எல்லாம் அவர் சொற்படி நிற்கின்றன. நாரையும் நிற்கின்றது. அமைதியைத்தான் அந்தக் கமெராவால் பிடிக்க முடிந்தது. இரவில் நிகழ்ந்ததை அன்றைய எந்தத் தகடும் பிடித்திருக்க இயலாது. அது கருவியின் குறை. ஆனால் பகலிலே அவர் எதன் பக்கம் கமெராவைத் திருப்பினார் என்பது கருவியின் குறை அன்று. மனைவி, மக்கள், மரம், அருவி, மாளிகை, கடல்: இவையே அவருடைய உலகம்.

இதை நான் பழியாகச் சொல்லவில்லை. அறிவை நேசித்த, கொடையும் செய்த ஒருவர், தம் வர்க்கத்தின் எல்லைக்குள் நின்றே உலகைக் கண்டார் என்பதே நான் சொல்ல வருவது.

அதே குடும்பத்திலே அந்த எல்லையைச் சற்றே தாண்டிய இருவரைக் காண்கின்றோம். இருவரும் பெண்கள் என்பது கவனத்துக்குரியது.

முதலாமவர் ஜோனின் தங்கை மேரி டில்வின். வேல்ஸின் முதல் பெண் படப்பிடிப்பாளர்களுள் ஒருவர். அவர் சிறிய கமெராவைக் கையாண்டார். சிறிய கமெராவுக்குக் குறைந்த நேரமே போதும். ஆகவே மற்றவர் படங்களிலே சிலைபோல் விறைத்து நின்ற மனிதர், இவர் படங்களிலே இயல்பாகத் தோன்றுகின்றனர். 1850களின் தொடக்கத்தில் அவர் எடுத்த, பனியால் மனித உருவம் செய்யும் காட்சி, அவ்வகையில் உலகின் மிகப் பழைய படங்களுள் ஒன்று. சிறுவன் ஒருவன் புன்னகை அரும்பும் முகத்தோடு இருப்பதையும் அவர் பதிந்தார். தமையனார் பாடம்செய்த பறவையை நிறுத்தினார். தங்கையோ உயிருள்ள ஒரு முகத்தில் கணநேரம் தோன்றி மறையும் சிரிப்பைப் பிடித்தார். 1857இல் திருமணமானதோடு மேரியின் படப்பிடிப்பு நின்றுபோயிற்று. அவருடைய ஆல்பம் ஒன்று இன்று அபெரிஸ்ட்வித்திலுள்ள வேல்ஸ் தேசிய நூலகத்திலே உள்ளது.

இரண்டாமவர் ஏமி டில்வின். பொன்டர்டுலைஸ் இரவிலே நீதவானாக நின்ற லூயிஸின் மகள், ஜோனுக்குப் பெறாமகள். அந்த இரவுக்கு இரண்டு ஆண்டுகளின் பின் பிறந்தவர். தந்தையார் வாய்மொழியாகக் கேட்ட சம்பவத்தை நெஞ்சிலே வைத்திருந்து, 1880இல் "ரெபெக்காக் கிளர்ச்சிக்காரன்" என்னும் நாவலாக எழுதினார். அதிலேதான் வியப்பு! கதையைச் சொல்பவன் நீதவான் அல்லன். கதவுடைக்கச் சென்ற ஏழை இளைஞன். தன் தந்தையும் பெரியதந்தையும் துப்பாக்கியோடு நின்ற பக்கத்தை விட்டு, மறுபக்கத்தில் நின்று, தன்மை இடத்திலே அவன் குரலாய்ப் பேசினார் அவர். கமெரா காணாது விட்டதைப் பேனா கண்டது. 1892இல் தந்தை கடன்பட்ட நிலையில் இறந்தபோது, அவருடைய நாகத் தொழிற்சாலையைத் தாமே ஏற்று நடத்திக் கடனைத் தீர்த்து, தொழிலாளரின் வேலையையும் காப்பாற்றினார். 1911இல் ஸ்வொன்சீத் தையற்காரப் பெண்கள் வேலைநிறுத்தம் செய்தபோது அவர்கள் பக்கம் நின்று பேசினார்.

ஜோன் டில்வின் லெவெலினின் கடைசிச் செயலொன்றையும் சொல்லியாக வேண்டும். தொழிற்சாலைப் புகையிலே வாழும் உழைப்பாளரின் பிள்ளைகள் ஓடியாட வெளி வேண்டும் என்று லான் வில்லியம் தோமஸ் என்னும் ஸ்வொன்சீ நகரபிதா அக்காலத்திலே ஓயாது குரலெழுப்பினார். அதற்குச் செவிசாய்த்து, மொரிஸ்டன் பகுதியிலே தம் நிலத்தைப் பொதுப் பூங்காவுக்காகக் கொடுத்தார் லெவெலின். 1878இல் திறக்கப்பட்ட அந்த லெவெலின் பூங்காவே ஸ்வொன்சீயின் முதற் பொதுப் பூங்கா. வாயிலைக் காக்க ஓர் இரவு துப்பாக்கியோடு நின்றவர், முதுமையிலே பூங்கா ஒன்றின் வாயிலை எல்லோருக்கும் திறந்துவிட்டார். இரண்டுக்கும் இடையே முப்பத்தைந்து ஆண்டுகள். மனிதரை ஒரே ஓர் இரவைக் கொண்டு அளக்கலாகாது. அந்த இரவை மறந்துவிட்டும் அளக்கலாகாது.

அவர் 1882இல் லண்டனை அடுத்த விம்பிள்டனிலே காலமானார். பென்லெர்கேர் மாளிகை கைமாறிப் பாழடைந்து, 1961இல் தகர்க்கப்பட்டது. ஏரியிற் சேறு படிந்தது. பள்ளத்தாக்கைப் புதர் மூடியது. 2000ஆம் ஆண்டில் நம்பிக்கை நிதியம் ஒன்று தோன்றி, ஊர்த் தொண்டர்களின் உழைப்போடு அந்த நிலத்தை மீட்கத் தொடங்கியது. அருவியையும் பாதையையும் எவ்வாறு மீட்பது என்று அறிய அவர்களுக்குத் துணைநின்றவை எவை தெரியுமா? லெவெலின் எடுத்து வைத்த படங்களே! கனவானின் பொழுதுபோக்கு, ஒன்றரை நூற்றாண்டின் பின் ஊராரின் கைவரைபடமாயிற்று. அன்று அந்த மாளிகையாரின் அனுமதியின்றி நுழையமுடியாத பள்ளத்தாக்கிலே இன்று ஊர்ப் பிள்ளைகள் நடந்து திரிகின்றனர்.

அடுத்த வாரம் வகுப்புக்குச் சென்றபோது அந்த மாணவனை எழுப்பி, "குளம் வெட்டினவர்களின் பெயர் படத்தில் இல்லை. நாரைக்கு ஒரு தலைப்புக் கிடைத்தது, அவர்களுக்கு அதுவும் கிடைக்கவில்லை" என்றேன். களத்திலே வீழ்ந்தவனின் பெயரைக் கல்லிற் பொறித்த மரபு நம்முடையது. நடுகல் பற்றி அவன் படித்திருந்தான்.

சற்று யோசித்துவிட்டு, "அப்படியென்றால் சேர், இந்த வருஷம் எங்கள் வகுப்புப் படத்துக்குப் பின்னால் எல்லாருடைய பெயரையும் எழுதுவோம். மண்டபம் கூட்டுகிற ஐயாவையும் கூப்பிட்டு நிற்பாட்டுவோம்" என்றான்.

அவன் கேள்விக்கு நான் தேடிய விடையைவிட, அவனே சொன்ன விடை எனக்குப் பெரிதாகப் பட்டது. அவ்வண்ணமே செய்தோம். ஐயா புதுச் சட்டை அணிந்து வந்திருந்தார். அவர் பெயரைப் படத்தின் பின்புறத்திலே முதலாவதாக எழுதினோம்.